கணக்கெடுப்பில் விழாத சேதம்

டெல்டாவில் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். ‘இந்த ஆண்டு நூறு பிள்ளை வைத்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவருக்குக் குழப்பம் வராது. 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டிய இருட்டில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் பொழுது விடிந்தபோது, தோப்புக்குள் நிற்கிற மரத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. தாத்தா வைத்த மரம், அப்பா வைத்த மரம் எல்லாம் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன.

தமிழக அரசு இழப்பீட்டை அறிவித்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். கூட்டல் பெருக்கலில் பிழை கிடையாது. ஆனால் நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். புயலுக்கு அடுத்த ஆண்டு நட்ட பிள்ளை பாளை விடும்போது 2025 ஆகிவிடும். அதுவரை நகைக்கடனுக்கு வட்டி ஏறும். பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் புரட்ட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணக்கெடுக்க வந்தவரின் படிவத்தில் மரம், கூரை, மாடு, படகு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ராத்திரி தூக்கம் பிடிக்காமல் திண்ணையில் உட்கார்ந்து, வெறிச்சோடிய தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்குக் கட்டம் இல்லை.

அப்படி ஒரு கட்டம் எதற்கு, அது ஏன் இன்னும் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். ‘காலநிலை மாற்றமும் மனநலமும்’ என்றதும், உருகும் பனிப்பாறைகளைப் படத்தில் பார்த்துக் கலங்கும் நகரத்து இளைஞர்களின் கவலைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்தக் கவலையும் உண்மையானதுதான். ஆனால் விஷயத்தின் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது: வெள்ளம் வடிந்த வீட்டில், திரும்பி வராத படகில், புழுங்கும் தகரக் கூரைக்குக் கீழே.

மனத்தின் நாட்காட்டி

பேரிடரைச் சந்தித்தவர்கள் எல்லாரும் நோயாளிகள் ஆகிவிடுவதில்லை. முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், நெஞ்சு படபடப்பதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், காரணமில்லாமல் அழுகை வருவதும் இயல்பு. தலைக்கு மேல் கூரை, கையில் கொஞ்சம் பணம், பக்கத்தில் சொந்தபந்தம் என்று வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் அது மனச்சோர்வாகவோ, தீராத பதற்றமாகவோ, நடந்தது மறுபடி மறுபடி கண்முன் வந்து நிற்கும் அதிர்ச்சி நோயாகவோ உறைந்துவிடுகிறது. யாருக்கு அப்படி உறைகிறது என்பதைப் புயலின் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. புயலுக்குப் பின் வரும் மாதங்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

2005-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியைச் சூறையாடிய கத்ரீனா சூறாவளி இதற்கு நன்றாக ஆராயப்பட்ட சாட்சி. பாதிக்கப்பட்டவர்களைச் சூறாவளி முடிந்த ஐந்து முதல் எட்டு மாதங்களுக்குள் ஒருமுறையும், ஓராண்டு கழித்து மறுமுறையும் ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். நாளாக ஆகத் துயரம் தணியும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. முதல் சந்திப்பில் 14.9 சதவீதத்தினரிடம் இருந்த அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல், இரண்டாவது சந்திப்பில் 20.9 சதவீதமாக ஏறியிருந்தது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தவர்களின் பங்கு 2.8-லிருந்து 6.4 சதவீதமானது. தீராமல் இழுத்துக்கொண்டே போன வீடு, வேலை, பணப் பிரச்சினைகள்தான் இதற்குப் பெருமளவு காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இங்கிலாந்தில் 2013–14 குளிர்காலத்தில் வந்த வெள்ளமும் இதையேதான் சொல்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களில் ஓராண்டு கழித்தும் 20.1 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன, 28.3 சதவீதத்தினரிடம் பதற்றம்; 36.2 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல். வெள்ளம் தொடாதவர்களிடம் இவை முறையே 5.8, 6.5, 7.9 சதவீதம்தான். வீட்டுக்குள் தண்ணீர் வராமல், வழி அடைபட்டு, மின்சாரம் போய், அன்றாடம் மட்டும் குலைந்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். நம் ஊர்க் கணக்கெடுப்பு அவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்றே ஏற்றுக்கொள்ளாது.

கொள்கை வகுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விவரமும் அந்த ஆய்வில் கிடைத்தது. வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர்களில், முன்னெச்சரிக்கையே கிடைக்காதவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகவும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. இரண்டு தரப்பினரும் வீட்டை விட்டு வெளியேறியவர்கள்தான். ஒரு தரப்புக்குப் பத்திரங்களையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு, பாட்டியைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிச்செல்ல நேரம் இருந்தது. ஏரி மதகு எப்போது திறக்கப்படுகிறது என்பதைக் கீழே உள்ள தெருக்களுக்கு நேரத்தோடு சொல்வது உயிரைக் காக்கிறது. காப்பாற்றப்பட்டவரின் பிந்தைய ஆண்டுகளையும் அதுவே காக்கிறது.

சென்னையில் முடிச்சூர், வேளச்சேரி பக்கம் அக்டோபர் பிறந்ததும் சில வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போய் பரணில் ஏறியிருக்கும். இன்வெர்ட்டர் பாட்டரி மேடை மேல் இருக்கும். 2015 டிசம்பர் முதல் வார வெள்ளத்துக்குப் பிறகு பழகிக்கொண்ட ஏற்பாடு இது. பார்த்தால் முன்ஜாக்கிரதை என்றுதான் தோன்றும், பாதிக்குமேல் அதுதான். ஆனால் மழை வலுக்கும் ராத்திரிகளில் அந்த வீட்டில் யாராவது ஒருவர் இரண்டு மணிக்கு எழுந்து, கதவைத் திறந்து, தெருவில் தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் படுப்பார். மறுபடி மூன்று மணிக்கும் எழுவார். மழை என்றால் மகிழ்ச்சி என்றிருந்த ஊரில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் மழைச் சத்தத்தைக் கேட்டு அப்பா முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒடிசா ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1999 அக்டோபர் 29 அன்று அங்கே வீசிய பெரும்புயலுக்கு ஓராண்டு கழித்து, 447 பள்ளிப் பிள்ளைகளை மனநல மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். 30.6 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் இருந்தது. ஆனால் தங்கள் பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று பெற்றோரோ ஆசிரியர்களோ கண்டுபிடித்துச் சொன்னது அந்தப் பிள்ளைகளில் மிகச் சிலரைப் பற்றி மட்டுமே. பெரியவர்களின் கண்ணுக்கு அவர்கள் சொன்னபேச்சு கேட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் நல்ல பிள்ளைகள்.

உடல் கிடைக்காத மரணம்

2017 நவம்பர் 29 இரவு தொடங்கி ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, நீரோடி ஊர்களைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத மரணத்தில் துக்கத்துக்குத் தொடக்கமே இல்லை. அடக்கம் செய்ய முடியாது, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற முடியாது, கணவனை இழந்தவள் என்று ஒரு பெண் தன்னையே சொல்லிக்கொள்ள முடியாது. லட்சத்தீவுப் பக்கம் யாரோ கரையேறினார்களாம், குஜராத்தில் ஒரு படகு ஒதுங்கியதாம் என்று ஒவ்வொரு வதந்தியும் புதிதாக ஒரு நம்பிக்கையைக் கொடுத்துப் பறிக்கும். மனநல இயலில் இதைத் தீர்வு காணாத இழப்பு என்ற பொருளில் தனி வகையாகவே பார்க்கிறார்கள். மற்ற துக்கங்களைக் காட்டிலும் இது நீண்டு நிற்கும்.

காலநிலைக் கொள்கை இங்கே என்ன செய்ய முடியும் என்று கேட்டால், விடை மருத்துவமனையில் இல்லை. வருவாய்த் துறை அலுவலகத்தில் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால், இறப்புச் சான்றிதழ் இல்லாமல் நிவாரணம் வராது, காப்பீடு வராது, வங்கிக் கணக்கைத் திறக்க முடியாது. காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்காகக் கடலோர ஊர்கள் போராடி, அரசுகள் அந்த விதியைத் தளர்த்தி நிவாரணம் வழங்கிய பிறகுதான் சில வீடுகளில் அழுகைக்கே அனுமதி கிடைத்தது. ஒரு சான்றிதழ் மருந்துச் சீட்டின் வேலையைச் செய்ய முடியும் என்பதை அந்த ஊர்களில் கண்டோம். அதைத் தாமதப்படுத்துவது காயத்தைத் திறந்தே வைத்திருப்பதற்குச் சமம்.

இதனால்தான் மனநல உதவி என்றதும் ஆலோசகர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதை மட்டும் நினைக்கும் போக்கு எனக்கு உடன்பாடாக இல்லை. ஆலோசகர் தேவை, ஐயமில்லை. ஆனால் வர வேண்டிய பணம் வராமல், கடன் நோட்டீஸ் மட்டும் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கும் வீட்டில், ‘ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள்’ என்று சொல்வது அந்த மனிதரை அவமதிப்பது போலாகிவிடும். ‘மக்களின் மீண்டெழும் உறுதி’ என்ற பாராட்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. 2015 வெள்ளத்தில் சென்னை மக்கள் ஒருவருக்கொருவர் படகாகவும் அடுப்பாகவும் இருந்தது மறக்க முடியாதது. அந்த உறுதியைக் காட்டி அரசின் கடமையைக் கழித்துக்கொள்ளக் கூடாது.

வெயில்: சத்தமில்லாத பேரிடர்

புயலுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு. வெயிலுக்கு இரண்டும் இல்லை. அதனால் அது மனத்துக்குச் செய்வதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2021 ஜூன் கடைசி வாரத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை ஒரு வெப்ப அலை மூடியது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. மறுநாள் அந்த ஊரே தீயில் எரிந்துபோனது. மாகாணத்தில் வெப்பத்தால் 619 பேர் இறந்தார்கள் என்று மரண விசாரணை அதிகாரிகள் கணக்கிட்டார்கள். அவர்களில் 98 சதவீதத்தினர் வீட்டுக்குள்ளோ வேறு கட்டடத்துக்குள்ளோ வெப்பம் தாக்கி இறந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். யாருக்கு எந்த நாள்பட்ட நோய் இருந்தது என்று பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் பதிவேடுகளை ஒப்பிட்டபோது, முதலிடத்தில் வந்தது இதயநோய் இல்லை, சிறுநீரக நோயும் இல்லை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). அந்நோய் உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் மரண ஆபத்து மற்றவர்களைக் காட்டிலும் சுமார் மூன்று மடங்கு.

காரணங்கள் ஒன்றோடு ஒன்று பின்னியவை. மனச்சிதைவுக்குத் தரப்படும் மருந்துகள் பல, உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் குலைக்கும். சில மருந்துகள் வியர்ப்பதையே குறைக்கும். இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம், உடலில் நீர் வற்றும்போது ரத்தத்தில் செறிவு கூடி நஞ்சாக மாறக்கூடும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. வெயில் காலத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டு, அளவையும் தண்ணீரையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தோடு வறுமையும் தனிமையும் சேர்ந்துகொள்கின்றன. தாகம் எடுப்பதையோ உடம்பு சுடுவதையோ உணர்ந்து சொல்ல முடியாத நிலையில் இருப்பவரை, தினமும் வந்து கதவைத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டும். கனடாவில் அந்த ஆள் இல்லை. நம் ஊரில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்ட அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ யார் இருக்கிறார்கள்?

ராத்திரியும் தணியாத வெப்பம் தூக்கத்தைத் திருடுகிறது. தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும், குடி கூடும், வீட்டுக்குள் கை ஓங்குவது கூடும். வெப்பத்துக்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பையும் அளந்திருக்கிறார்கள். மாதச் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது தற்கொலை விகிதம் அமெரிக்காவில் மாவட்டம் போன்ற கவுண்டிகளில் 0.7 சதவீதமும் மெக்சிகோ நகராட்சிகளில் 2.1 சதவீதமும் கூடுகிறது என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இந்தியாவில் பயிர்க்கால வெப்பத்தையும் தற்கொலையையும் இணைத்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, முப்பது ஆண்டுகளில் 59,300 மரணங்கள் என்று மதிப்பிட்டுத் தலைப்புச் செய்தியானது; அதன் கணக்குமுறையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. கடன், விலை வீழ்ச்சி, குடும்பச் சண்டை, கவனிக்கப்படாத மனச்சோர்வு எல்லாம் ஏற்கெனவே பாரமாக ஏற்றப்பட்ட வண்டி மேல் வெயிலும் பொய்த்த மழையும் ஏறி உட்காருகின்றன. ஒவ்வொரு விவசாயியின் மரணத்தையும் வானிலையின் தலையில் கட்டிவிட்டால் கடன் கொடுத்தவரும் கொள்முதல் விலையும் தப்பித்துக்கொள்ளும். வானிலையை அடியோடு விட்டுவிட்டால் நோயின் பாதி தெரியாமல் போகும்.

ஆவணங்களில் ஒரு வரி

சர்வதேச அளவில் அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. அமைப்பான ஐபிசிசி 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, வானிலைப் பேரிடர்களால் ஏற்படும் மன அதிர்ச்சியை ‘மிக உயர்ந்த உறுதிப்பாடு’ என்ற தரத்தில் பதிவுசெய்தது. வெப்பம் கூடுவதாலும் வாழ்வாதாரமும் பண்பாடும் பறிபோவதாலும் வரும் மனநலச் சிக்கல்களுக்கு ‘உயர்ந்த உறுதிப்பாடு’ தந்தது. சொல்லை எடைபோட்டு வைக்கும் அமைப்பு அது. அதன் அகராதியில் இவை சாதாரணச் சொற்கள் இல்லை.

அதே ஆண்டு ஜூனில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கொள்கைக் குறிப்பை வெளியிட்டு, காலநிலைத் திட்டங்களில் மனநலத்தைச் சேருங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு 95 நாடுகளில் அது எடுத்த கணக்கில், தேசிய சுகாதார-காலநிலைத் திட்டத்துக்குள் மனநல உதவியைச் சேர்த்திருந்தவை 9 மட்டுமே. அரசுகள் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்திலேயே மனநலத்துக்குப் போவது உலகச் சராசரியில் சுமார் 2 சதவீதம். காலியான சட்டியிலிருந்து காலநிலைக்கு எதை அள்ளிக் கொடுப்பது?

2015-ஆம் ஆண்டுப் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவு, காலநிலை மாற்றத்தால் வரும் ‘இழப்பும் சேதமும்’ பற்றிப் பேசும்போது பணத்தால் அளக்க முடியாத இழப்புகளையும் ஒத்துழைப்புக்குரிய துறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. மனநலம் அந்த வாசலில்தான் உள்ளே வர முடியும். இழப்பு-சேத நிதியை அமைக்க 2022-ல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் மாநாட்டில் முடிவெடுத்து, அடுத்த ஆண்டு துபாயில் அதைத் தொடங்கினார்கள். அதே துபாய் மாநாட்டில் காலநிலை-சுகாதாரப் பிரகடனம் ஒன்று வந்தது. மனநலமும் உளச்சமூக ஆதரவும் (மனத்துக்கும் சமூக வாழ்வுக்கும் சேர்த்துத் தரும் துணை) அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. 120-க்கும் மேற்பட்ட நாடுகள் அப்போது அதை ஏற்றன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இந்தியாவுக்கு இந்த விஷயம் புதிதும் அல்ல. 1984 போபால், 1993 லாத்தூர் நிலநடுக்கம், 1999 ஒடிசா, 2001 குஜராத், 2004 சுனாமி என்று ஒவ்வொரு பேரழிவிலும் நம் மனநல மருத்துவர்கள் கற்றுக்கொண்டே வந்தார்கள். சுனாமிக்குப் பிறகு பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் குழுவினர் தமிழகக் கடற்கரைக்கு வந்து, உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலமே வீடு வீடாக ஆதரவைக் கொண்டுசேர்த்தார்கள். ஒரு மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவில் மனநல மருத்துவர்கள் இருக்கும் நாட்டில் இதைத் தவிர வேறு வழியும் கிடையாது. அந்த அனுபவத்திலிருந்து 2009-ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உளச்சமூக ஆதரவுக்கென்றே தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்பே!

வழிகாட்டுதல் இருக்கிறது, பணம் போகும் தாள் வேறொன்று. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு விதிமுறை வகுத்திருக்கிறது. உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். 2022-க்குப் பிந்தைய விதிமுறையில், கை கால் அல்லது கண் இழந்து ஊனம் 40 முதல் 60 சதவீதம் என்றால் 74,000. அதற்கு மேல் என்றால் இரண்டரை லட்சம். கை, கால், கண். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே மனநோயையும் ஊனத்தின் வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சட்டப் புத்தகத்தில் ஊனமாக இருப்பது நிவாரணத் தாளில் ஊனமாக இல்லை. இந்த முரணைத் திருத்தப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

வெப்பத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. நாட்டின் வெப்பச் செயல் திட்டங்கள் 2013-ல் அகமதாபாத்தில் தொடங்கியவை. அவற்றில் 37 திட்டங்களை 2023-ல் டெல்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையம் ஆராய்ந்தபோது, யார் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்று முறையாக மதிப்பிட்டவை இரண்டு மட்டுமே என்று தெரிந்தது. முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், வெளியில் உழைப்போர் என்று எல்லாருக்கும் தெரிந்த வரிசை வழக்கமாக வந்துவிடும். மனநல மருந்து உட்கொள்பவர்கள் என்ற வார்த்தையையும் அந்த வரிசையில் தவறாமல் எழுத வேண்டும் என்பதற்குக் கனடாவின் பதிவேட்டைவிட வேறு சான்று தேவையில்லை.

கையில் இருப்பதைக் கொண்டு

செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குப் புதிய கட்டடம் தேவைப்படாது. வெள்ளத்தில் முதலில் அறுந்துபோவது மாத்திரை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே பையில் மனநல மாத்திரையும் மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் போகலாம். மனச்சிதைவுள்ள ஒருவருக்கு ஒரு வாரம் மருந்து தடைபட்டால் அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டாவது வெள்ளம்.

முகாம்களில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதும் எளிமையானது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வினைகளில் அதை அடக்குகிறது: பார், கேள், இணை. யாருக்கு உதவி அவசரம் என்று பார். பேச விரும்பினால் காதுகொடுத்துக் கேள். உணவோ, மருந்தோ, தொலைந்த உறவினரோ, எது வேண்டுமோ அதோடு அவரை இணை. நடந்ததையெல்லாம் சொல்லச்சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதில் முக்கியம். அப்படித் துருவுவது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்ணின் வாய்க்கு நேரே ஒலிவாங்கியை நீட்டி ‘அந்த நேரத்தில் எப்படி இருந்தது?’ என்று கேட்கும் நிருபர்களுக்கும் இந்தக் கையேட்டைக் கொடுக்க வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் வந்து யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. உடம்பு அசதி என்பார்கள். நெஞ்சு அடைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பார்கள். ஆண்கள் அதுவும் சொல்லாமல் குடிப்பார்கள். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. பேரிடர் இல்லாத சாதாரண நாட்களின் நிலவரம் அது. புயல் அடித்த ஊரில் முதல் மாதம் மட்டும் முகாம் போட்டு மூட்டை கட்டாமல், ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் இரண்டாவது ஆண்டு முடிவிலும் அதே வீடுகளுக்குச் செவிலியர் திரும்பிப் போய், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று மூன்று கேள்வி கேட்டாலே பலரைக் கண்டுபிடித்துவிட முடியும். பேச ஆள் வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் உதவி எண் இருக்கிறது: 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். புயல் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியின் கடைசி வரியில் இந்த எண்ணும் இருக்கலாம்.

அக்டோபர் 10 உலக மனநல நாள். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 13, பேரிடர் அபாயக் குறைப்பு நாள். அதற்கடுத்த நாட்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். மாவட்டத் தலைநகரங்களில் முதல் நாளுக்கு மனநலத் துறை பேரணி நடத்தும். இரண்டாவது நாளுக்குப் பேரிடர் பிரிவு ஒத்திகை நடத்தும். 2025-ல் உலக மனநல நாளுக்கு வைத்த தலைப்பே பேரிடர்களிலும் அவசரகாலங்களிலும் மனநல சேவை என்பதுதான். ஆனாலும் இரண்டும் இரண்டு துறையின் நிகழ்ச்சிகள், இரண்டு பதாகைகள். இதற்கிடையில் ஆட்சியர் அலுவலகத்தில் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கும்: மணல் மூட்டை எத்தனை, படகு எத்தனை, மண்டபம் எத்தனை, ஜெனரேட்டர் எத்தனை. அந்த மேசையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். தாழ்வான தெருக்களில் யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை நாளுக்கு மிச்சம் இருக்கிறது, போன புயலில் யார் வீட்டில் யார் திரும்பி வரவில்லை.